தோப்பிலிருந்து வந்தவன்

விறகு பொறுக்கப் போன ராஜ்மோகன் சவுக்குத் தோப்பிலிருந்து திரும்பி வந்தபோது இருமவில்லை.

புவனேஸ்வரிக்கு அது உடனே உறைக்கவில்லை. கூடாரத்தின் கடைசி முளையை ஈர மணலில் கல்லால் அடித்துக்கொண்டிருந்தாள். விறகைக் கீழே போடும் சத்தம் கேட்டது, நிமிர்ந்தாள், புருஷன் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவுதான். ஆனாலும் வீட்டில் எதையோ அணைக்காமல் வந்துவிட்ட மாதிரி ஓர் உறுத்தல். அடுப்புக்குக் கல் கூட்டும்போதுதான் புரிந்தது. ஐப்பசி மழையில் பிடித்த இருமல் இந்த மார்கழிப் பாதி வரை அவனை விட்டதே கிடையாது. வில்லியனூரில் அவர்கள் தெருவுக்குள் பைக் திரும்பும்போதே இருமல் முதலில் வந்துவிடும், ஆள் பின்னால் வருவான். அதைக் கேட்டதும் அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். ஒளிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் வைத்துவிடுவாள்.

“இருமல் நின்னுடுச்சா?” என்றாள்.

“நின்னுடுச்சி” என்றான். சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கல்லும் கையுமாக நிறுத்தியது. ஏனென்றால் அவன் போகும்போது கார்க் கதவை அறைந்துவிட்டுப் போயிருந்தான்.

இந்தப் பயணமே அவன் ஏற்பாடுதான். திருபுவனையில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறான். அவள் வில்லியனூர் மார்க்கெட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் என்கிற வியாதி வந்தது. யார் போன் பண்ணது, கடைக்கு வந்த மெடிக்கல் ரெப்கிட்ட இன்னா சிரிப்பு, பஸ் இன்னிக்கு மட்டும் ஏன் லேட்டு. போன மாதம் அவள் அம்மா வீட்டுக்குப் போகப் பெட்டியைக் கட்டியபோது, வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். “ஒரு தடவ எங்கனா போயிட்டு வரலாம் புவனா. நீயும் நானும் மட்டும்.” புது வருஷ லீவுக்குப் புதுச்சேரி டவுன் முழுக்க வெளியூர்க் கூட்டம். அவன் நண்பன் எழிலரசன்தான் நாணத்திட்டைச் சொன்னான். காரையும் கூடாரத்தையும் கொடுத்தனுப்பினான்.

பாகூரைத் தாண்டி, பனித்திட்டுக்குத் தெற்கே, ஆறு கடலில் விழுவதற்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டுவிட்டுப் போகிறது. அதுதான் நாணத்திட்டு. உள்ளே போக ஒரு தரைப்பாலம். வெள்ளத்தைத் தடுக்கத் தீவைச் சுற்றிப் போட்ட மண்கரை, அதன் மேல் ஒரு கார் போகிற அகலத்தில் ரோடு. வெள்ளம் வந்து வந்து குடியிருந்த சனமெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மிஞ்சியது சவுக்கும், நாணலும், கைவிட்ட இறால் குட்டைகளும். ஒரு ராத்திரி கடல் பக்கம், ஒரு ராத்திரி ஆற்றுப் பக்கம், தீவை முழுசாகச் சுற்றிவிட்டு வீடு என்பது திட்டம்.

பனித்திட்டில் படகு ஓரமாக மீன் வாங்கும் வரை எல்லாம் நன்றாகவே போனது. மீனைப் பையில் போட்டுக்கொடுத்த பையன் சுகுமார், “கூட ரெண்டு போட்டுகிறேன் அக்கா” என்று சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். கார் தரைப்பாலத்தில் இறங்கும்போது ராஜ்மோகன் கேட்டான். “அவன எத்தினி நாளா தெரியும்?”

“யார?”

“நடிக்காதடி.”

கடல் பக்கம் வண்டியை நிறுத்தினான். கூடாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கதவை அறைந்து, இருமிக்கொண்டே தோப்புக்குள் போனான். சவுக்கு மரங்களுக்கிடையே அவன் பழுப்பு ஸ்வெட்டர் மறைந்த பிறகும் இருமல் கொஞ்ச நேரம் கேட்டது. இப்போது அதே ஸ்வெட்டரோடு எதிரே நின்று, மீன் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

“நான் கழுவறேன். குளிருல உனக்குக் கை வெடிக்கும்.”

‘டி’ இல்லை. அதையும் அவள் கவனித்தாள்.

முதலில் அவளுக்கு வந்த பயம், எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடிய பயம்தான். இவ்வளவு கோபமாகப் போனவன் இவ்வளவு சாந்தமாக வருகிறான் என்றால், தோப்புக்குள் நின்று எதையோ முடிவு பண்ணியிருக்கிறான். ஆள் நடமாட்டம் இல்லாத தீவு. போனில் சிக்னல் இல்லை. அவன் நெருப்பின் பக்கம் குனிந்திருந்தபோது, மீன் வெட்டிய கத்தியைத் துடைத்துத் தன் தலைமாட்டில் துணிக்கடியில் வைத்துக்கொண்டாள். அவன் முள் எடுத்து மீனை அவள் தட்டில் வைத்தான். தான் சாப்பிட்டானா இல்லையா என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது, அவன் வாயருகே கை போனதாக அவளுக்கு நினைவே இல்லை.

இருட்டியதும் பனி இறங்கியது. முதலில் ஆற்றின் மேல் ஒரு வெள்ளைத் துணி மாதிரி. பிறகு கரையேறி, சவுக்கின் அடிமரங்களை மறைத்து, கூடாரத்தின் வாயை வந்து தொட்டது. கடல் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அதன் இரைச்சல் யாரோ கம்பளிக்குள் வாயை வைத்து மூச்சுவிடுவது போல் அமுங்கிக் கேட்டது. சவுக்கு இலைகளிலிருந்து நீர் சொட்டி, கூடாரத் துணியில் ஓர் ஒழுங்கே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்த சாம்பல் வாசனை. அழுகிய நாணல் வாசனை. பக்கத்தில் படுத்திருந்தவனிடமிருந்து மட்டும் எந்த வாசனையும் வரவில்லை. தேங்காய் எண்ணெயும் பீடியும் கலந்த, ஆறேழு வருஷமாக அவள் தலையணையில் ஊறிப்போன அந்த வாடை இல்லை.

அப்போதுதான் இருமல் கேட்டது.

வெகுதூரத்தில். தோப்புக்கு அந்தப் பக்கம். வறண்ட இருமல், கடைசியில் விசில் மாதிரி ஓர் இழுப்பு. அந்த இழுப்பைக் கேட்டு எத்தனை ராத்திரி எழுந்து வெந்நீர் வைத்திருப்பாள். அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். அவன் மல்லாந்து படுத்திருந்தான். கண் திறந்திருந்தது.

“நரியா இருக்கும்” என்றான். “தூங்கு புவனா.”

அவள் தூங்கவில்லை. கத்தியின் பிடியில் கையை வைத்தபடி விடியும் வரை கிடந்தாள்.

காலையில் டீ போட்டு டம்ளரை அவள் கையில் கொடுத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அடுப்புப் பக்கம் வந்ததில்லை. கூடாரத்தை மடித்தான், காரில் ஏற்றினான், கரை ரோட்டில் மெதுவாக ஓட்டினான். பள்ளத்துக்குப் பள்ளம் திட்டுகிறவன் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளம் வரும் முன்பே ஒதுங்கினான். ஓரிடத்தில் கரை உடைந்திருந்தது. பனியில் பத்தடி தூரம்கூடத் தெரியாத நேரம். உடைப்பு கண்ணில் படுவதற்கு முன்பே அவன் வண்டியை இறக்கி, நாணலுக்குள் ஒரு தடத்தில் விட்டு, மறுபடி கரை மேல் ஏற்றினான்.

“இங்க வழி இருக்கறது எப்பிடித் தெரியும்?”

“எழில் சொன்னான்.”

தீவின் மேற்கு மூலையில் வெயில் கொஞ்சம் விழுந்தது. அவன் இறங்கித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போனில் சிக்னலின் ஒரு கோடு வந்தது. அவள் எழிலரசனைக் கூப்பிட்டாள். உள்ளே ரோடு எப்படி என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

“உள்ளயா? நான் தரைப்பாலம் வரிக்கும்தான் போயிருக்கேன் அண்ணி. உள்ள ரோடு இன்னா லட்சணத்துல இருக்குதோ, பாத்துப் போவச் சொல்லுங்க அண்ணன.” அதற்குள் லைன் போய்விட்டது.

அவள் காரிலிருந்து இறங்கி அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவர்கள் வீட்டில் கேட்கக் கூடாத ஒரு கேள்வி உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அந்தப் பேரை இனி இந்த வூட்ல எடுக்காத என்று தட்டை வீசியிருந்தான். அதைத்தான் கேட்டாள்.

“நம்ம பாப்பாவுக்கு இன்னா பேர் வைக்கணும்னு சொன்னீங்க?”

அவன் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை.

“அமுதம்” என்றான். “அன்னிக்கு நான் உன் கையப் புடிச்சிக்கினு உள்ள இருந்திருக்கணும். வெளிய போய் நின்னுட்டேன். எம்மேலதான் தப்பு புவனா.”

இரண்டு வருஷமாக அவள் காது கேட்கக் காத்திருந்த வார்த்தைகள். இது என் புருஷன் இல்லை என்று அந்தக் கணத்தில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தே அவன் தோளில் விழுந்து அழுதாள். அவன் அணைத்துக்கொண்டான். கை குளிர்ச்சியாக இருந்தது, ஆற்று மணலில் புதைத்து வைத்த பானை மாதிரி. அவள் காது அவன் மார்பில் பதிந்தது. உள்ளே துடிப்பு இல்லை. தண்ணீர் மணலை இழுத்துக்கொண்டு போகும் சத்தம், நிதானமாக, விட்டு விட்டுக் கேட்டது.

தலையைத் தூக்கினாள்.

சற்று நேரம் கழித்து, மறுபடியும் அங்கேயே சாய்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் இறால் குட்டைகளுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டார்கள். வெயில் சாய்வதற்குள் பனி வந்துவிட்டது. குட்டையில் தேங்கிய நீர் பச்சை பிடித்து நாறியது. துருப்பிடித்த மோட்டார் குழாய்க்குள் காற்று நுழைந்து, யாரோ பேர் சொல்ல வாயெடுத்து நிறுத்துவது போல் ஊதியது. இருமல் ஒரு தடவை கரையின் பின்பக்கம் கேட்டது. ஒரு தடவை குட்டைக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் அவள் அசையாமல் இருந்தாள். அவனும் நரி என்றுகூடச் சொல்லவில்லை. கத்தி காரில் எங்கோ கிடந்தது. அவள் அதைத் தேடவில்லை.

விடிகிற நேரத்தில் குரல் வந்தது.

“புவனா... ஏய் புவனா...”

கிழிந்த குரல். தொண்டை முழுக்கச் சளி. அவள் கூடாரத்தைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள். வெளியே எல்லாம் வெள்ளை. தரை தெரியவில்லை. அவளுக்குப் பின்னாலேயே அவனும் வந்து நின்றான்.

“புவனா! காரக் காணோம்... ரோட்டு மேலயே சுத்திக்கினு இருக்கேன், எங்க போனாலும் தோப்புதான் வருது... தண்ணி குடு புவனா...”

கரை மேல் ஓர் உருவம். குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. பழுப்பு ஸ்வெட்டர், முழங்கால் வரை சேறு. அவள் புருஷன். அவள் வாய் தானாகத் திறந்தது. கால் ஓரடி எடுத்து வைத்தது.

உருவம் நிமிர்ந்தது. பனிக்குள்ளிருந்து இரண்டு பேரையும் பார்த்தது.

“யார்டி அது?”

அவள் நின்றாள்.

“எவன்டி உன் பக்கத்துல? ரெண்டு நாளா நான் இங்க சாவறேன். நீ கூடாரத்துக்குள்ள எவன்கூடடி...” இருமல். இழுப்பு. “எனக்குத் தெரியும்டி. எல்லாம் முன்னாடியே தெரியும். இதுக்குத்தான வந்த?”

மருந்துக்கடை வாசலில் கேட்ட அதே குரல். பஸ் ஸ்டாண்டில். படுக்கையில். குழந்தையை இழந்த வாரத்தில். இருமல் கேட்டதும் போனைக் கவிழ்த்த கை, தானாக இறுகி மூடியது.

பக்கத்தில் நின்றவன் அவளைத் தொடவில்லை. “போறதுன்னா போ புவனா” என்றான். “நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவள் கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

“வண்டிய எடுங்க.”

கூடாரத்தை விட்டுவிட்டார்கள். பாத்திரங்களை விட்டுவிட்டார்கள். கார் கரையேறியது. பின்னால் ஓடி வரும் கால்கள். சேறு சளக் சளக்கென்றது. பின் கண்ணாடியில் ஒரு கை அறைந்தது. ஈரக் கை. வழுக்கி இறங்கியது. “புவனா!” இப்போது அதில் கோபம் இல்லை. பயம் மட்டும்தான். “புவனா, விட்டுட்டுப் போவாத! தனியா விட்டுட்டுப் போவாத!”

“நிறுத்தட்டுமா?” என்று கேட்டான் ஓட்டுகிறவன்.

அவள் டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்தாதீங்க.”

தரைப்பாலத்தில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் பாலத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கறுப்பாக நின்றது. பாதி தூரம் வந்தபோது எதிரே இரண்டு மஞ்சள் விளக்குகள். ஒரு வேன். கூரையில் பாத்திரமும் பாயும் கட்டியிருந்தார்கள். இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லை.

அவன் ரிவர்ஸ் போட்டான்.

“வேணாம். பின்னால போவாதீங்க.”

“கொழந்தைங்க இருக்காங்க புவனா” என்றான் மென்மையாக. “நாமதான் வழி விடணும்.”

கார் பின்னோக்கி நகர்ந்தது. பாலம் முடிந்தது. நாணல் கண்ணாடியில் உரசியது. தீவு மறுபடியும் அவர்களைச் சுற்றி வந்து நின்றது.

அவள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், கரைக் கல்லின் மேல் ராஜ்மோகன் உட்கார்ந்திருந்தான். அவன் காரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். புவனேஸ்வரி போட்டிருந்த அதே பச்சை ஸ்வெட்டர், அதே சுடிதார், அதே துப்பட்டா. அதன் முனையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தான், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி. அவளிடம் அவன் எதுவுமே கேட்கவில்லை.

அந்தப் பெண் தலையைத் திருப்பினாள். கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம். ஆனால் அதில் இருந்த பொறுமை புவனேஸ்வரிக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

வேன் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டியவர் தலையை வெளியே நீட்டினார். உள்ளே பெண்கள் சிரிப்பு, பாட்டுச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல்.

“உள்ள தங்கறதுக்கு நல்ல இடம் இருக்குங்களா?”

“இருக்கே” என்றான் பக்கத்தில் இருந்தவன். “நேராப் போனா சவுக்குத் தோப்பு. வெறகுகூட உள்ளயே கெடைக்கும்.”

புவனேஸ்வரி வாயைத் திறந்தாள். போகாதீங்க என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், கரைக் கல்லைக் காட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பது யார், அவனை விட்டுவிட்டு வந்தது யார் என்று சொல்ல வேண்டும். குளிர்ந்த கை ஒன்று அவள் கை மேல் வந்து அமர்ந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“தேங்க்ஸ்ங்க” என்று வேன் நகர்ந்தது. பின் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டு ஒரு பெண் குழந்தை அவளைப் பார்த்துக் கையசைத்தது.

வேன் போகும் திசையில் பனி கொஞ்சம் விலகியது.

சவுக்கு மரங்களுக்கிடையே, வேனுக்குள் எத்தனை பேரோ அத்தனை பேர் வந்து நின்றிருந்தார்கள். இப்போதுதான் எழுந்து வந்தவர்கள் போல, முகம் இன்னும் சரியாக அமையாமல். பெரியவர்கள். பெண்கள். மரத்துக்கு ஒருவராக, வரும் வண்டியையே பார்த்தபடி, தலையைத் தடவி முடியைச் சரிசெய்துகொண்டு. முன்வரிசையில் சின்னது ஒன்று, இடுப்பளவு உயரம்.

அது வேனின் பின் கண்ணாடியை உற்றுப் பார்த்தது. கையைத் தூக்கியது. முதலில் தப்பான கை.

பிறகு சரியான கையை மாற்றித் தூக்கி, அந்தக் குழந்தை அசைத்தது போலவே அசைத்துப் பார்த்தது.